வாய் கூசாத அக்கா

"வயித்துக்குக் கீழே வலிக்குதுக்கா" என்று ஒரு நாள் அவரிடம் சொன்னேன். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. மாதாமாதம் வரும் வலிதான், அந்தத் தடவை கொஞ்சம் கூடுதல். அவர் குழாயடியில் குந்தி மத்தி மீன் கழுவிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே கேட்டார்.

"கீழேன்னா எவ்வளவு கீழே? முழங்காலா?"

குடம் பிடிக்க நின்றிருந்த இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நானும் சிரித்து மழுப்பப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. "கர்ப்பப்பை வலிக்குதுன்னு சொல்லு. ஆஸ்பத்திரியிலயும் போய் கீழே, மேலேன்னு சொல்லிக்கிட்டு நின்னா கால் வலிக்கு மாத்திரை கொடுத்து அனுப்பிடுவாங்க" என்றார். அடுத்த மீனை எடுத்துச் செதில் தேய்க்க ஆரம்பித்துவிட்டார்.

அவரை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது இந்தக் குரல்தான். எந்தச் சொல்லைச் சொல்லவும் அவருக்கு வாய் கூசாது. கெட்ட வார்த்தை பேசுகிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் குழாயடிச் சண்டையில் பறக்காத வசவு கிடையாது. அதில் ஒன்றைக்கூட அவர் வாயில் கேட்டதில்லை. உடம்பில் இருக்கிற ஒன்றை, உடம்புக்கு நடக்கிற ஒன்றை, அதனதன் பேரில் சொல்வார். அவ்வளவுதான். அதற்காக ஒரு நாள் அவரைப் போலீஸ் தேடி வந்தது.

கொச்சி மட்டாஞ்சேரியில் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்தாற்போல் இருக்கும் லைன் வீடுகளில், எங்களுக்கு நாலு வீடு தள்ளி அவர் வீடு. நகரசபை துப்புரவு வேலைக்காக திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அவருடைய தாத்தா வந்தார். பேத்தி வரைக்கும் யாரும் திரும்பிப் போகவில்லை. அவர் வீட்டுக்காரருக்கும் நகரசபை வேலைதான். அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். அக்காவுக்கு சுக்குக் கிடங்கில் வேலை. இருபது பெண்கள் சாக்கில் உட்கார்ந்து சுக்கைத் தரம் பிரிப்பார்கள். அவர்களுக்கு மேல்பார்வை அக்கா. மலையாளப் பெண்கள்கூட சேச்சி என்று கூப்பிடாமல் அக்கா என்றே கூப்பிட்டார்கள்.

அந்தக் கிடங்கில் பெண்களுக்குக் கக்கூஸ் கிடையாது. யாருக்காவது முட்டினால் "பின்னாடி போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு, கால்வாய் ஓரம் ஒரு தகர மறைவுக்குப் போவார்கள். மழைக்காலத்தில் அங்கே முழங்கால் தண்ணீர். முதலாளியிடம் எத்தனையோ தடவை, "எங்களுக்கு ஒரு வசதி செஞ்சு கொடுங்க" என்று கேட்டுப் பார்த்தார்கள். வசதி என்றதும் முதலாளி ஒரு மின்விசிறி போட்டுக் கொடுத்தார். ஒரு நாள் வடநாட்டிலிருந்து சரக்கு பார்க்க இரண்டு வியாபாரிகள் வந்திருந்தபோது அக்கா எழுந்து போய், "முதலாளி, இருபது பொம்பளைங்க மூத்திரம் போக இடம் வேணும்" என்றார். முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. "எல்லார் முன்னாடியும் இப்படியா பேசறது?" என்று பல்லைக் கடித்தாராம். "எல்லாரும் போறதுதானே முதலாளி" என்றார் அக்கா. இரண்டு வாரத்தில் கதவும் தாழ்ப்பாளும் வைத்த கக்கூஸ் வந்தது. இதை அந்தப் பெண்கள் எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார்கள் என்று கணக்கே கிடையாது. சொல்லும்போது மட்டும் அந்த ஒரு சொல் வரும் இடத்தில் அவர்களுக்குக் குரல் இறங்கிவிடும்.

நாற்பத்தெட்டு வயதில் அவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. வலது மார்பை முழுக்க எடுக்க வேண்டியதாகிவிட்டது. ஊசி, கதிர் எல்லாம் முடிந்து எட்டு மாதம் கழித்துக் கிடங்குக்குத் திரும்பினார். தலைமுடி அப்போதுதான் குட்டையாக முளைத்திருந்தது. அக்குளில் நெறி கட்டிய இடத்தையும் எடுத்திருந்ததால் வலது கை வீங்கிக்கொள்ளும். பஸ்ஸில் போனால் கம்பியை உயரத்தில் பிடித்துக் கையைத் தூக்கியே வைத்திருப்பார்.

வேலைக்கு வந்த முதல் வாரமே பெண்கள் ஒவ்வொருவராக அவரிடம் வர ஆரம்பித்தார்கள். எப்படித் தெரிஞ்சது, கட்டி எப்படி இருக்கும், வலிக்குமா, எடுத்த இடம் எப்படி இருக்கு. அக்கா மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவர்களைச் சாக்கு மூட்டைகளுக்குப் பின்னால் கூட்டிப்போய் ரவிக்கையைத் திறந்து தையல் தழும்பைக் காட்டுவார். இடது பக்கத்தில் கை வைத்து எப்படித் தடவிப் பார்க்க வேண்டும் என்று செய்து காட்டுவார். பத்து நாள் இப்படிப் போனது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டு, "ஒவ்வொருத்திக்கா காட்டிக்கிட்டு இருந்தா சுக்கை யாரு பொறுக்குறது? நீ ஒரு படம் எடுத்துக் கொடு, குரூப்புல போட்டுடறேன்" என்றார்.

நான் பஜாரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கும் வேலையில் இருந்தேன். அதனால் போன், கம்ப்யூட்டர் என்றால் எங்கள் லைனில் எல்லோரும் என்னைத்தான் தேடுவார்கள். அக்காவின் போனிலேயே எடுத்தோம். பின்கட்டு ஜன்னல் பக்கம் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தார். முதல் தடவை எடுத்தபோது என் கை நடுங்கிப் படம் ஆடிவிட்டது. அக்கா பார்த்துவிட்டு, "இது என்ன, படகுல இருந்து எடுத்தியா? மறுபடி எடு. கிட்ட வந்து எடு. விரல் எப்படி இருக்குன்னு தெரியணும்" என்றார். மறுபடி எடுத்தேன். நாலு நிமிடப் படம். வலது பக்கம் தழும்பு; அதைத் தொட்டுக் காட்டி, "இங்க இருந்தது. எடுத்துட்டாங்க. நான் இருக்கேன்" என்றார். பிறகு இடது பக்கம் எப்படிப் பார்ப்பது, எங்கெங்கே தொட்டுப் பார்ப்பது, என்ன தெரிந்தால் ஆஸ்பத்திரிக்குப் போவது என்பதை நிதானமாகச் சொன்னார். எங்கள் கொச்சித் தமிழில், மலையாளம் பாதி கலந்து. யாருக்கும் புரியாமல் போக வழியில்லை.

அந்தப் படத்தில் அவர் முலை என்ற சொல்லைப் பதினோரு தடவை சொல்கிறார். பிற்பாடு குற்றப்பத்திரிகையில் எண்ணி எழுதியிருந்தார்கள்.

இருபது பேருக்கான படம் கிடங்கைத் தாண்டிப் போக ஒரு வாரம்கூட ஆகவில்லை. தங்கைக்கு, நாத்தனாருக்கு, அடுத்த தெருவுக்கு என்று பெண்கள் அனுப்பிக்கொண்டே போனார்கள். பள்ளுருத்தியிலிருந்து யாரென்றே தெரியாத ஒரு பெண் அக்கா வீட்டைத் தேடி வந்து, படத்தைப் பார்த்துத் தடவிப் பார்த்ததில் தனக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டது, ஆஸ்பத்திரியில் ஆரம்ப நிலை என்று சொல்லி எடுத்துவிட்டார்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அக்காவுக்கு அன்று முழுக்க முகம் மலர்ந்தே இருந்தது. மாமாவுக்கும் எனக்கும் இரண்டு தடவை சாயா போட்டுக் கொடுத்தார்.

படம் ஆண்களிடமும் போனது. அதில் யாரோ ஒருவர் புகார் எழுதிக் கொடுத்தார். பெண்ணின் உடம்பைக் காட்டிச் சமுதாயத்தைக் கெடுப்பதாகப் புகார். அவர் யாரென்று எனக்கு இன்று வரை தெரியாது.

ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி ஆள் வந்தபோது அக்கா என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். அவருக்கு மலையாளம் பேச வரும், வாசிக்க வராது. எனக்குத் தமிழைவிட மலையாளம்தான் வேகமாக வாசிக்க வரும். "என்ன எழுதறாங்கன்னு நீ பாத்துச் சொல்லு" என்றார். அந்த மாதம்தான் தேவராவிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் வந்து என்னைப் பார்த்துவிட்டுச் சம்மதம் சொல்லியிருந்தார்கள். வரமாட்டேன் என்று சொல்லவும் முடியவில்லை.

இன்ஸ்பெக்டர் மோசமான ஆள் இல்லை. அக்காவை உட்காரச் சொன்னார். தன் அம்மா வயது இருக்கும் ஒருத்தியிடம் இதை எப்படிக் கேட்பது என்று அவருக்கே சங்கடமாக இருந்தது தெரிந்தது. மலையாளத்தில்தான் பேசினார். "சேச்சி, படத்தை டிலீட் பண்ணிட்டேன், தெரியாம நடந்துபோச்சுன்னு எழுதிக் கொடுங்க. புகார் கொடுத்தவரிடம் நான் பேசிப் பார்க்கிறேன்."

"தெரிஞ்சுதான் சாரே எடுத்தேன். ஒரு தடவை சரியா வரலைன்னு ரெண்டாவது தடவையும் எடுத்தேன்."

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். எழுதுகிற போலீஸ்காரர் அக்கா சொன்னதை எழுதி முடித்ததும் நான் அதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். 'என் உடலின் மறைவான பாகத்தை' என்று ஒரு வரி இருந்தது. அக்கா அங்கே கையை நீட்டி நிறுத்தினார்.

"மறைவான பாகம்னு நான் சொல்லலையே. நான் முலைன்னு சொன்னேன். அதையே எழுதச் சொல்லு."

தமிழிலும் மலையாளத்திலும் ஒரே சொல் அது. மொழிபெயர்க்கிற சாக்கில் நான் அதை மழுப்பவும் வழியில்லை. எழுதுகிறவர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். மூலையில் நின்ற பெண் போலீஸ் தரையைப் பார்த்தார்.

"அந்த வார்த்தை ரெக்கார்டில் எதுக்கு சேச்சி?"

"நீங்க எழுதியிருக்கிறதைப் படிச்சா நான் எதைக் காட்டினேன்னே தெரியாது சாரே. கோர்ட்டுல இருக்கிறவங்க வேற எதையோ நினைச்சுக்குவாங்க."

இன்ஸ்பெக்டர் அதையே எழுதிக்கொள்ளச் சொன்னார். பிறகு, "படம் பிடிச்சது யாரு?" என்று கேட்டார்.

நான் அக்காவுக்கு ஒட்டினாற்போல் உட்கார்ந்திருந்தேன்.

"அதைச் சொல்ல மாட்டேன்" என்றார் அக்கா.

"தெரியாதா?"

"தெரியாதுன்னு சொல்லல. சொல்ல மாட்டேன்னு சொல்றேன். உடம்பு என்னோடது, காட்டினது நான். கேஸை என்மேல போட்டுக்கங்க."

இன்ஸ்பெக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அவருக்குப் புரிந்திருக்கும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். மேலே கேட்கவில்லை. போனை வாங்கி உறையில் போட்டுச் சீல் வைத்தார்கள். ஜாமீன் அன்றைக்கே கிடைத்துவிட்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் வழக்கம்போலக் கையைத் தூக்கிக் கம்பியைப் பிடித்திருந்தார். நான் குனிந்தபடியே, "எம்பேரைச் சொல்லியிருக்கலாமேக்கா" என்றேன். சும்மா சொன்னேன். சொல்லாததற்கு மனசுக்குள் அவரைக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"உம்பேரைச் சொல்றதும் சொல்லாததும் உன் வேலை. எனக்கு அதுல பாத்தியதை இல்லை" என்றார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

வழக்கு இரண்டரை வருடம் நடந்தது. கிடங்கு முதலாளி, "கேஸ் முடியட்டும் அக்கா, வியாபாரிங்க வந்துபோற இடம்" என்று நிறுத்திவிட்டார். அக்கா கும்பளங்கியில் இறால் உரிக்கும் ஷெட்டுக்குப் போனார். காலையிலிருந்து ஐஸ் தண்ணீரில் கை. வீங்கிய கையில் இறால் முள் குத்தினால் ஆறாது, டாக்டர் அந்த வேலையே கூடாது என்றார். கையுறை போட்டுக்கொண்டு போனார். விசாரணை நாளில் லீவு போட்டுக் கோர்ட்டுக்கு வந்து, வராந்தாவில் நின்று, அடுத்த தேதி வாங்கிக்கொண்டு போவார். வக்கீல் ஒரு மலையாளப் பெண், கட்டணம் வாங்காமல் வாதாட வந்தவர். "அக்கா, இதெல்லாம் இவ்வளவு நாள் இழுக்கிறதே ஒரு தண்டனைதான்" என்று ஒருமுறை வருத்தப்பட்டார். "இழுக்கட்டும். நான் எங்க போகப்போறேன்?" என்றார் அக்கா.

அவர் நிமிர்ந்து நடந்தார். நாங்கள்தான் குனிந்துபோனோம். எங்கள் லைனில் யாருக்கும் அந்தச் சட்டத்தின் பேரோ நம்பரோ தெரியாது. உடம்பைப் பற்றிப் பேசினால் கேஸ் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பிள்ளைக்குப் பால் கொடுக்கிற படத்தைப் போனில் முகப்பாக வைத்திருந்த ஒருத்தி அன்றைக்கே அதை எடுத்தாள். கல்லூரிக்குப் போகிற ஒரு பெண்ணின் நடனப் படங்களை அவள் அண்ணன் நின்று அழிக்க வைத்தான். கணவன்மார்களுக்கு வசதியாகப்போயிற்று. எது பிடிக்காவிட்டாலும், "அக்கா மாதிரி கோர்ட்டுக்கு அலையணுமா?" என்று ஒரு வார்த்தை போதும். நாலு நிமிடப் படம் எங்கள் போன்களிலிருந்து ஒவ்வொன்றாக மறைந்தது. நானும் அழித்தேன். கல்யாணம் முடிந்து தேவராவுக்குப் போனேன். கணவருக்குக் கப்பல் பழுது பார்க்கும் பட்டறையில் வெல்டிங் வேலை. அவரிடம் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு எங்கள் லைனில் இன்னொரு பெண்ணுக்கு அதே நோய் என்று அம்மா போனில் சொன்னார். முப்பத்தாறு வயது. இரண்டு பிள்ளைகள். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். கல்லீரல் வரை பரவிவிட்டது என்று சொல்லியிருந்தார்கள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவள் மெல்லிய குரலில் சொன்னாள்: "எனக்குக் கட்டி தட்டுப்பட்டு எட்டு மாசம் ஆச்சு. அக்கா படத்துல சொன்ன மாதிரியேதான் இருந்தது. அந்தப் படத்தைக் கேஸான படம்னு என் வீட்டுக்காரரு அழிச்சிட்டாரு. அதுக்கப்புறம் தொட்டுப் பாக்கவே பயம். யாருகிட்டயாவது சொன்னா இதுக்கும் ஏதாவது ஆகிடுமோன்னு..."

ஆறு வாரத்தில் அவள் போய்விட்டாள். பிள்ளைகளில் சின்னது, வந்தவர்கள் செருப்பையெல்லாம் ஜோடி சேர்த்து அடுக்கிக்கொண்டிருந்தது. அக்கா அந்தச் சாவு வீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை. எந்நேரமும் ஏதாவது சொல்லிக்கொண்டிருக்கும் மனுஷி வாயடைத்து உட்கார்ந்ததை அன்று ஒரு நாள்தான் பார்த்தேன்.

அந்த வாரமே வக்கீலிடம் போனேன். படம் எடுத்தது நான்தான் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "சாட்சி சொல்ல வந்தா உங்களையும் பிரதியாச் சேர்த்தாலும் சேர்ப்பாங்க. யோசிச்சு வாங்க" என்றார். பிரதி என்றால் எங்கள் பக்கத்தில் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர். வீட்டுக்குப் போய்க் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு நாள் அவர் என்னிடம் பேசவில்லை. மாமியார் மூன்று மாதம் பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் கணவர் சட்டையை மாட்டிக்கொண்டே, "கோர்ட்டு எத்தனை மணிக்கு?" என்றார்.

அரசு வக்கீல் என்னைக் கேட்ட கேள்விகள் அதிகம் இல்லை. படம் எடுக்கும்போது வெட்கமாக இல்லையா என்றார். இருந்தது, அதனால்தான் முதல் தடவை கை நடுங்கியது என்றேன். வெட்கப்பட வேண்டிய காரியம் என்று உங்களுக்கே தெரிந்திருக்கிறது என்றார். இல்லை, வெட்கத்தைப் பார்த்தால் ஆளைக் காப்பாற்ற முடியாது என்று தெரிந்திருந்தது என்றேன். இதை வீட்டில் யோசித்துவைத்துப் போகவில்லை. தானாக வந்தது.

"அந்தப் படத்தில் எந்தப் பாகம் தெரிகிறது?" என்றார்.

"முலை" என்றேன்.

டைப் அடித்துக்கொண்டிருந்தவரின் கை நின்றது. மாஜிஸ்ட்ரேட் நிமிர்ந்து பார்த்தார். நான் இன்னொரு தடவை சொன்னேன். வலது பக்கம் முலை இருந்த இடம், இடது பக்கம் முலை, அதில் கட்டி இருக்கிறதா என்று பார்க்கும் முறை. டைப் அடிக்கும் சத்தம் மறுபடி கேட்டது. பிறகு, அந்தப் படத்தைப் பார்த்துப் பிழைத்தவரையும், அது அழிந்ததால் பிழைக்காமல் போனவளையும் பற்றிச் சொன்னேன். அரசு வக்கீல் எதிர்ப்புத் தெரிவித்தார். மாஜிஸ்ட்ரேட், "அவர் சொல்லி முடிக்கட்டும்" என்றார்.

முடிந்ததும் அக்காவும் வராந்தாவுக்கு வந்தார். என்னைப் பார்த்து நன்றியும் சொல்லவில்லை, கண்ணும் கலங்கவில்லை. "நல்லாச் சத்தமா சொன்னே. கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டுச்சு" என்றார். கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து வந்த என் கணவரைப் பார்த்து, "கேட்டுச்சுல்ல தம்பி?" என்றார். அவர் ஆமாம் என்று தலையாட்டினார்.

என்னை யாரும் பிரதியாகச் சேர்க்கவில்லை. மாஜிஸ்ட்ரேட் இரண்டு தரப்பு வக்கீல்களையும் அக்காவையும் தன் அறைக்குள் அழைத்து முழுப் படத்தையும் பார்த்தார். அடுத்த மாதம் தீர்ப்பு வந்தது. உடம்பு தெரிவதாலேயே ஒன்று ஆபாசமாகிவிடாது, எதற்காகக் காட்டப்பட்டது என்று பார்க்க வேண்டும், இது உயிரைக் காக்கக் காட்டப்பட்டது, இவர் குற்றம் எதுவும் செய்யவில்லை. மலையாளத்தில் இருந்த அந்தத் தாள்களை நான் அவருக்குத் தமிழில் வாசித்தேன். 'இந்தப் பெண்மணி' என்று வருகிற இடங்களில் மட்டும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். முடித்ததும், "செத்துப்போன அந்தப் பொண்ணுக்கு இது முன்னாடியே கிடைச்சிருக்கணும்" என்றார்.

அக்கா அதற்குப் பிறகு நாலு வருடம் இருந்தார். நோய் திரும்ப வரவில்லை. ஒரு காலையில் இருதயம் நின்றுபோனது. கிடங்கிலிருந்தும் இறால் ஷெட்டிலிருந்தும் வந்த பெண்கள் நிற்க இடமில்லாமல் எங்கள் லைன் நிறைந்துபோனது. ஆனால் அந்த நாளைவிடப் பள்ளுருத்தியில் நடந்த ஒரு கூட்டத்தைத்தான் நான் அடிக்கடி நினைக்கிறேன். தீர்ப்பு வந்து நாலைந்து மாதம் இருக்கும். அங்கே ஒரு வாசகசாலையில் அக்காவைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். நானும் போனேன்.

கதவில், பெண்கள் மட்டும் என்று எழுதி ஒட்டியிருந்தது. அக்கா என்னிடம் அது என்ன என்று கேட்டார். சொன்னேன். அதைக் கிழித்தெடுத்து மடித்து, கூட்டம் நடத்தும் பெண்ணின் கையில் கொடுத்தார். வெளியே மரத்தடியில் மனைவிமாரைக் கொண்டுவந்து விட்டுவிட்டு நின்றிருந்த ஆண்களைப் பார்த்து, "மழை வரப்போகுது, உள்ள வாங்க" என்றார். தயங்கித் தயங்கிப் பத்துப் பதினைந்து பேர் வந்து சுவரோரம் நின்றார்கள். அவர்களோடு மாமாவும் இருந்தார்.

அக்கா பேச்சை இப்படித்தான் ஆரம்பித்தார்: "எனக்குக் கட்டி இருக்குன்னு முதல்ல கண்டுபிடிச்சது நான் இல்ல. அதோ நிக்கிறாரே, என் வீட்டுக்காரர். அவர் கைதான் கண்டுபிடிச்சது. அன்னைக்கு அவரு வெக்கப்பட்டுக்கிட்டுச் சொல்லாம இருந்திருந்தா, நான் இன்னைக்கு இங்க நின்னு பேச முடியாது."

எனக்கே அது அன்றைக்குத்தான் தெரியும். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மாமாவுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். யாரோ ஒரு பெண் மெதுவாகக் கைதட்டினார். பிறகு பலரும் தட்டினார்கள்.

அக்கா நாலு நிமிடப் படத்தில் சொன்னதையே சொன்னார். இந்தத் தடவை கதவு திறந்திருந்தது, ரவிக்கைக்கு மேலேயே கை வைத்துக் காட்டினார். சொற்களில் ஒன்றையும் மாற்றவில்லை. முடித்தபோது சுவரோரத்திலிருந்து ஒருவர் முன்னால் வந்தார். மூட்டை தூக்குகிறவர் என்று பார்த்தாலே தெரிந்தது, கழுத்துப் பக்கம் சட்டை நைந்திருந்தது. மலையாளத்தில், குரல் சற்றுக் கரகரக்கக் கேட்டார்.

"என் பெண்டாட்டி வர மாட்டேன்னுட்டா. இங்க வந்து இதையெல்லாம் கேட்க அவளுக்குக் கூச்சம். நான் கத்துக்கிட்டுப் போய் வீட்டுல சொல்லிக் கொடுத்தா சரியா வருமா?"

"ஏன் வராது? கையைக் காட்டுங்க" என்றார் அக்கா. அவருடைய காய்த்துப்போன கையைப் பிடித்து, நடு மூன்று விரல்களையும் சேர்த்து வைத்தார். "நுனியால குத்தக் கூடாது. இந்தச் சதைப் பக்கத்தால மெல்ல அழுத்தணும். பிறகு வட்டமா. ஒரு இடத்தையும் விடக் கூடாது."

அவர் தன் நெஞ்சிலேயே விரல்களை வைத்து அழுத்திப் பார்த்தார். அக்கா, "இன்னும் மெதுவா" என்றார். மறுபடி செய்தார். அவருக்குப் பின்னால், சுவரோரம் நின்றிருந்த ஆண்களும் ஒவ்வொருவராக மூன்று விரல்களைச் சேர்த்துத் தங்கள் நெஞ்சில் வைத்து வட்டமாக நகர்த்தத் தொடங்கினார்கள். யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை.